பிளிக்கர்

பிளிக்கர் என்பது ஒளிப்படங்களை இணையத்தில் பதிவேற்றவும், பிறருடன் பகிரவும், அவற்றைப் பற்றி உரையாடவும் உதவும் ஒரு வலைத்தளமும் அதனைச் சூழ்ந்து உருவான பயனர் சமூகமும் ஆகும். கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கிய லூடிகார்ப் என்னும் சிறு நிறுவனம் இதனை 2004 பெப்ரவரி 10 அன்று வெளியிட்டது. 2005 மார்ச்சு மாதம் யாஹூ நிறுவனம் இதனை வாங்கியது. 2018 ஏப்ரல் முதல் ஸ்மக்மக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உடைமையாக உள்ளது.

இணையத்தில் ஒளிப்படங்களுக்கென அமைந்த முதல் தளம் பிளிக்கர் அன்று. மிகுந்த பயனர்களைக் கொண்ட தளமாக அது நெடுங்காலம் நீடிக்கவும் இல்லை. ஆயினும் முன்பின் அறியாதவர்கள் ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து, அதற்குப் பெயரிட்டு, அதன் வழியாக நட்புக் கொள்ளும் வழக்கம் இத்தளத்திலேயே முழுமையான வடிவம் பெற்றது. இணையச் சமூகங்களின்பால் மக்கள் ஏன் ஈர்க்கப்படுகின்றனர் என்பதை ஆராய்வோர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர்.

பெயர்

மினுங்குதல் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் இருந்து இறுதி உயிரெழுத்தை நீக்கி இப்பெயர் அமைக்கப்பட்டது. முழுச் சொல்லைக் கொண்ட வலைமுகவரி வேறொருவரிடம் இருந்ததும், அவர் அதனை விற்க முன்வராததுமே இதற்குக் காரணம். இவ்வாறு உயிரெழுத்தைக் கைவிடுவது பின்னர் ஒரு பாணியாகவே ஆயிற்று. 2007இல் தோன்றிய டம்ளர் என்னும் வலைப்பதிவுத் தளத்தின் பெயரும் இவ்வகையினதே.

தோற்றம்

ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்ட், கத்தரினா ஃபேக் ஆகியோர் உள்ளிட்ட சிலர் 2002இல் லூடிகார்ப் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஒளிப்படத் தளம் எதையும் அவர்கள் எண்ணியிருக்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடும் "கேம் நெவர்எண்டிங்" என்னும் இணைய விளையாட்டை உருவாக்குவதே அவர்களின் நோக்கம். இவ்விளையாட்டில் வெற்றி தோல்வி முதன்மையானதன்று. பொருட்களைச் சேர்ப்பதும், பிறருக்குக் கொடுப்பதும், அரட்டை அடிப்பதுமே முதன்மையானவை. பணம் கரைந்து வந்த நிலையில், விளையாட்டுக்கென எழுதிய நிரல்களின் ஒரு பகுதியைக் கொண்டு அரட்டை அறையில் படங்களைப் பரிமாறும் கருவி ஒன்று ஆக்கப்பட்டது. அதுவே பிளிக்கரின் முதல் வடிவம்.

இத்தோற்ற வரலாறு வெறும் சுவைச் செய்தி அன்று. ஒளிப்படக்கலை வல்லுநர்களோ படம் அச்சிட்டுத் தரும் வணிகர்களோ அமைத்திருந்தால் இத்தளம் வேறு விதமாக அமைந்திருக்கும். அந்நியர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவதற்கு ஒரு பொருள் இடையில் வேண்டும் என்பதை விளையாட்டு ஆக்குநர்கள் அறிந்திருந்தனர். பிளிக்கரில் அப்பொருளின் இடத்தை ஒளிப்படம் பெற்றது. (பட்டர்ஃபீல்ட் பின்னர் "கிளிட்ச்" என்ற மற்றொரு விளையாட்டை ஆக்கினார். அது 2012இல் மூடப்பட்டபோது அதற்கென உருவாக்கிய உரையாடல் கருவியில் இருந்து ஸ்லாக் தோன்றியது. இருமுறையும் விளையாட்டு தோற்றுக் கருவி வென்றது.)

முன்னிருந்த தளங்கள்

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஓஃபோட்டோ, ஷட்டர்ஃபிளை, ஸ்னாப்ஃபிஷ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பரவலாக இருந்தன. இவற்றில் படங்கள் குடும்பத் தொகுப்பேடு போன்று பூட்டி வைக்கப்பட்டிருந்தன. உரிமையாளர் மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பினால் மட்டுமே உறவினர்கள் பார்க்க இயலும். படங்களை அச்சிட்டு விற்பதே இத்தளங்களின் வருவாய். மறுபுறம் 1993இல் தொடங்கிய ஃபோட்டோ.நெட், கலைஞர்களுக்கான டீவியண்ட்ஆர்ட் ஆகியன பொதுப் பார்வைக்குத் திறந்திருந்தன. ஆனால் அவை திறனாய்வையும் தேர்ச்சியையும் முன்னிறுத்தியவை. நாய்க்குட்டியின் படத்தையோ காலை உணவின் படத்தையோ அங்கு இடுவதற்குப் புதியவர் ஒருவர் தயங்குவார். 2002இல் தோன்றிய ஃபோட்டோலாக் இத்தயக்கத்தைப் போக்கியது எனலாம். ஆயினும் அதில் கட்டணம் செலுத்தாதோர் நாளொன்றுக்கு ஒரு படமே இட முடிந்தது.

ஈர்ப்பின் காரணங்கள்

பொதுவாக வைத்தல்

பிளிக்கரில் ஏற்றப்படும் படம், பயனர் வேறு விதமாகத் தெரிவு செய்யாவிடில், உலகம் முழுமைக்கும் திறந்திருக்கும். நண்பர், குடும்பத்தினர், தான் மட்டும் என்று கட்டுப்படுத்தும் வசதி இருந்தும் பெரும்பாலோர் பொதுவாகவே விட்டனர். தன் சொந்தப் படங்களை அந்நியர் பார்க்க எவர் விரும்புவார் என்பதே அக்காலத்தில் பலரின் வினாவாக இருந்தது. விடை எதிர்பாராததாக அமைந்தது. உறவினர் ஒருவர் ஒரு படத்தில் உள்ள ஆளைப் பார்ப்பார். அந்நியரோ படத்தையே பார்ப்பார். வாசற்படியில் விழுந்த வெயிலையும் துருப்பிடித்த பூட்டையும் வியக்க வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, வேறொரு நாட்டில் உள்ள ஒருவர் அதனைத் தம் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது பயனருக்கு அளித்த மகிழ்ச்சியே இச்சமூகத்தின் அடித்தளம்.

தொடக்க நாட்களில் தளத்தின் பணியாளர்களே புதிய உறுப்பினர்களைத் தனித்தனியே வரவேற்றுப் பின்னூட்டம் இட்டனர் என்று ஃபேக் பின்னாளில் கூறியுள்ளார். உள்நுழையும் பயனரை முகப்புப் பக்கம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மொழியில் வாழ்த்தி, அம்மொழியின் பெயரையும் கற்றுத் தந்தது. சிறு செயல்களே எனினும், இயந்திரத்துடன் அன்றி மனிதருடன் பழகும் உணர்வை இவை தந்தன.

குறிச்சொற்கள்

நூலகங்களில் நூல்களை வகைப்படுத்த முன்பே வகுக்கப்பட்ட தலைப்புப் பட்டியல் உண்டு. பிளிக்கரில் அத்தகைய பட்டியல் ஏதும் இல்லை. பயனர் தம் படத்திற்குத் தோன்றிய சொற்களை எல்லாம் இடலாம். அனுமதி பெற்ற பிறரும் இடலாம். ஒரே குறிச்சொல்லைப் பெற்ற படங்கள், எடுத்தவர்கள் ஒருவரையொருவர் அறியாவிடினும், ஒரே பக்கத்தில் கூடும். இவ்வாறு பயனர்களே உருவாக்கும் வகைப்பாட்டை "ஃபோக்சோனமி" என்று 2004இல் தாமஸ் வாண்டர் வால் பெயரிட்டார். தமிழில் இதனை மக்கள் வகைப்பாடு எனலாம். அதிகம் பயன்படும் சொற்களைப் பெரிய எழுத்திலும் குறைவாகப் பயன்படுவனவற்றைச் சிறிய எழுத்திலும் காட்டும் "குறிச்சொல் முகில்" இத்தளத்தாலேயே பரவலாக அறியப்பட்டது.

இம்முறையின் குறைகள் வெளிப்படையானவை. தஞ்சைப் பெரிய கோயிலின் படத்திற்கு ஒருவர் ஊர்ப்பெயரையும், மற்றொருவர் இறைவன் பெயரையும், மூன்றாமவர் ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலையும் இடலாம். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றவை கிட்டா. ஆங்கிலத்தில் துருக்கி நாட்டையும் வான்கோழியையும் குறிக்கும் சொல் ஒன்றே. 2005 ஆகத்து மாதத்தில் உடன்வரும் சொற்களைக் கொண்டு படங்களைத் தொகுதிகளாகப் பிரிக்கும் வசதி சேர்க்கப்பட்ட பின் இச்சிக்கல் ஓரளவு குறைந்தது.

குழுக்கள்

எவரும் ஒரு குழுவைத் தொடங்கி விதி வகுக்கலாம். வட்டமான பொருளைச் சதுரச் சட்டத்துள் அடக்கிய படங்களை மட்டும் ஏற்கும் குழு, தம் கைப்பையில் உள்ளவற்றைப் பரப்பி வைத்துப் படமெடுத்து ஒவ்வொன்றின் மேலும் குறிப்பெழுதும் குழு, ஆண்டு முழுதும் நாள்தோறும் தம்மைத் தாமே படமெடுக்கும் குழு ஆகியன புகழ்பெற்றவை. விதி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு ஆர்வம் மிகுந்தது என்பது கவனிக்கத்தக்கது. "அழகான படம் எடு" என்றால் திகைக்கும் ஒருவர், "வட்டமான ஒன்றைத் தேடு" என்றால் கிண்ணத்தையும் சாக்கடை மூடியையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

செய்தி நிகழ்வுகளிலும் குழுக்கள் பயன்பட்டன. 2005 சூலை 7 அன்று இலண்டனில் குண்டுகள் வெடித்த சில மணி நேரத்தில், கைபேசிகளால் எடுக்கப்பட்ட படங்கள் பிளிக்கர் குழுக்களில் குவிந்தன; செய்தி நிறுவனங்களும் அவற்றை நாடின.

கற்றல்

எண்ணிமப் படக்கருவிகள் ஒவ்வொரு படத்துடனும் துளை அளவு, மூடி வேகம், உணர்திறன், குவியத் தூரம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. பிளிக்கர் இத்தரவைப் படத்தின் அருகிலேயே காட்டியது. ஓடும் நீரைப் பட்டுப்போல் காட்டிய படத்தைக் கண்ட மாணவர், அதற்கு மூடி எத்தனை நொடி திறந்திருந்தது என்பதை அங்கேயே அறியலாம். ஐயம் இருந்தால் எடுத்தவரிடமே கேட்கலாம். படச்சுருள் காலத்தில் இவ்வறிவு ஒளிப்பட நிலையங்களிலும் சங்கங்களிலும் ஆசானிடம் இருந்து மாணவருக்குச் செல்வது. கருவியும் கணினியும் இருந்தும் ஆசான் இல்லாத ஊர்களில் வாழ்ந்தோருக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது.

ஆர்வமூட்டுமை

2005 ஆகத்து மாதத்தில் "ஆர்வமூட்டுமை" என்னும் தரவரிசை அறிமுகமாயிற்று. ஒரு படத்தைப் பார்த்தவர்கள் எங்கிருந்து வந்தனர், யார் எப்போது பின்னூட்டம் இட்டனர், யார் விருப்பத்தில் சேர்த்தனர் என்பன போன்றவற்றைக் கொண்டு கணிக்கப்பட்ட இவ்வரிசையில் ஒவ்வொரு நாளுக்கும் 500 படங்கள் தெரிவாகித் தனிப்பக்கத்தில் இடம்பெற்றன. கணிப்பு முறை முழுமையாக வெளியிடப்படவில்லை. அதனால் அதனை ஊகிக்கும் முயற்சிகள் பெருகின. ஒரு படம் இட்டால் மூன்று படங்களுக்குப் பின்னூட்டம் இடவேண்டும் என்ற விதியுடன் குழுக்கள் தோன்றி, மின்னும் விருதுப் பட்டைகள் பின்னூட்டங்களாகக் கொட்டப்பட்டன. இயல்பான பாராட்டைப் பெறுவதற்காக வந்தவர்கள் பாராட்டைப் பண்டமாற்றுச் செய்யத் தொடங்கியதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு. பின்வந்த சமூக வலைத்தளங்களின் விருப்பக் குறிகளில் இதே நோய் பன்மடங்கு பெருகியது.

பொதுமங்கள்

2004 சூன் மாதத்தில், கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் படைப்பாக்கப் பொதும உரிமங்களைப் படங்களுக்கு இடும் வசதியைப் பிளிக்கர் சேர்த்தது. இதனால் படைப்பாளியைத் தனியே அணுகாமலேயே, அவர் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிறர் படத்தைப் பயன்படுத்த இயன்றது.

2008 சனவரி 16 அன்று அமெரிக்கக் காங்கிரசு நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய ஒளிப்படங்களைப் பிளிக்கரில் ஏற்றியது. 1910களைச் சேர்ந்த செய்திப் படங்களும் 1930கள், 1940களைச் சேர்ந்த வண்ணப் படங்களும் இவற்றுள் அடங்கும். அக்காலத்தைக் கருப்பு வெள்ளையாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு, விமானத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்களின் சிவந்த தலைத்துணிகள் வியப்பளித்தன. "அறியப்பட்ட பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை" என்ற புதிய உரிமைக் குறிப்பு இதற்கென வகுக்கப்பட்டது.

நூலகத்தின் நோக்கம் படங்களைக் காட்டுவது மட்டும் அன்று. பார்ப்போர் அறிந்ததைப் பெறுவதும் ஆகும். பல படங்களில் உள்ளவர் யார், இடம் எது என்பது நூலகத்தாருக்கே தெரியாது. உறுப்பினர்கள் பழைய செய்தித்தாள்களைத் தேடியும், கட்டடங்களின் இன்றைய தோற்றத்துடன் ஒப்பிட்டும் விடை கண்டனர். 2008 அக்டோபர் வரையிலான நிலையை நூலகம் தன் அறிக்கையில் தந்துள்ளது: 4,615 படங்கள், 1 கோடியே 4 இலட்சம் பார்வைகள், 2,518 பயனர்கள் இட்ட 67,176 குறிச்சொற்கள், 7,166 பின்னூட்டங்கள். தகாதவை என நீக்கப்பட்டவை 25க்கும் குறைவு. உறுப்பினர்கள் தந்த செய்திகளைக் கொண்டு நூலகப் பட்டியலில் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் மேம்படுத்தப்பட்டன. ஊதியம் பெறாத அந்நியர்கள் இவ்வளவு பொறுப்புடன் நடந்துகொள்வர் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம் இத்திட்டத்தில் அடுத்ததாக இணைந்தது. தொடர்ந்து பல நாடுகளின் காப்பகங்கள் சேர்ந்தன. பிரித்தானிய நூலகம் தன் பழைய நூல்களில் இருந்து பிரித்தெடுத்த பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஓவியங்களை 2013 டிசம்பரில் வெளியிட்டது.

சர்ச்சைகள்

திறந்து வைத்தலே ஈர்ப்பின் காரணமாக இருந்ததால், சிக்கல்களும் பெரும்பாலும் அதனின்றே எழுந்தன.

2007இல் ஐசுலாந்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் படங்களை இங்கிலாந்து நிறுவனம் ஒன்று அனுமதியின்றி அச்சிட்டு விற்றதைப் பிளிக்கரில் எழுதினார். ஆதரவுப் பின்னூட்டங்கள் குவிந்த நிலையில் அப்பக்கத்தைத் தள நிருவாகம் நீக்கியது. கண்டனம் எழுந்த பின் தவறை ஒப்புக்கொண்டு பட்டர்ஃபீல்ட் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு ஆஸ்திரேலியக் கைபேசி நிறுவனம் ஒன்று, டெக்சாசைச் சேர்ந்த சிறுமி ஒருவரின் படத்தைப் பிளிக்கரில் இருந்து எடுத்துத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. படமெடுத்தவர் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் பொதும உரிமத்தை இட்டிருந்தார். ஆனால் படத்தில் இருப்பவரிடம் எவரும் கேட்கவில்லை. தொடரப்பட்ட வழக்கு, நிறுவனம் டெக்சாசு நீதிமன்றத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று என்ற காரணத்தால் தள்ளுபடியானது. பதிப்புரிமை படமெடுத்தவருக்கு உரியது, முகம் வேறொருவருக்கு உரியது என்ற வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இவ்வழக்கு இன்றும் பயன்படுகிறது.

2014 நவம்பரில் பொதும உரிமம் கொண்ட படங்களை அச்சிட்டு விற்க யாஹூ முற்பட்டது. உரிமப்படி இது தவறன்று. எனினும் நல்லெண்ணத்தால் கொடுத்ததை விற்பதா என்று எதிர்ப்பு எழவே, அடுத்த மாதமே கைவிடப்பட்டது.

இவற்றை விட ஆழமான வினா பின்னர் எழுந்தது. 2014இல் யாஹூ ஆய்வகம், பொதும உரிமம் கொண்ட ஏறத்தாழ 10 கோடி பிளிக்கர் படங்களையும் நிகழ்படங்களையும் ஆய்வுக்கான தரவுத் தொகுப்பாக வெளியிட்டது. அதில் இருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் முகப்படங்களைப் பிரித்து, முகமறியும் மென்பொருள் ஆய்வுக்கென ஐபிஎம் நிறுவனம் 2019 சனவரியில் ஒரு தொகுப்பை ஆக்கியது. அவ்வாண்டு மார்ச்சில் செய்தி வெளியானபோதே பலர் தம் படங்களும் அதில் இருப்பதை அறிந்தனர். தனிமனித மறைவுரிமையைக் காக்கப் பதிப்புரிமை உரிமங்கள் ஏற்ற கருவி அல்ல என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு விளக்கம் தந்தது. 2006இல் திருமணப் படத்தை அந்நியர் வியக்கவென்று திறந்து வைத்தவர், இயந்திரம் ஒன்று அதனைப் படித்துப் பழகும் என்று எண்ணியிருக்க முடியாது. அவர் தந்த இசைவு இதனையும் உள்ளடக்குமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

வீழ்ச்சியும் கைமாற்றங்களும்

2007இல் பழைய உறுப்பினர்கள் அனைவரும் யாஹூ கணக்கின் வழியாகவே நுழையவேண்டும் என்று விதிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பட்டர்ஃபீல்டும் ஃபேக்கும் 2008இல் யாஹூவை விட்டு விலகினர். 2010 அக்டோபரில் வெளிவந்த இன்ஸ்டகிராம், கைபேசியில் எடுத்த படத்தை அங்கிருந்தே சில நொடிகளில் பகிர வழி செய்தது. மேசைக் கணினியை மையமாகக் கொண்ட பிளிக்கர் இம்மாற்றத்திற்கு உரிய காலத்தில் ஈடுகொடுக்கவில்லை. 6 பில்லியன் படங்களை 2011இல் எட்டியிருந்தும் பேச்சு வேறிடத்திற்கு நகர்ந்துவிட்டது.

2013 மே மாதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட்டு இடம் இலவசம் என்று யாஹூ அறிவித்தது. படங்கள் குவிந்தன, உரையாடல் பெருகவில்லை. 2018இல் தளத்தை வாங்கிய ஸ்மக்மக் இதனை வெளிப்படையாகவே கூறியது: இலவச இடம் ஈர்த்தவர்கள் பெரும்பாலும் சேமிப்பிற்காக வந்தவர்களே அன்றிப் பிற ஒளிப்பட ஆர்வலர்களைத் தேடி வந்தவர்கள் அல்லர் என்பது அதன் வாதம். இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. மிகுதியாக இருந்தவை 2019இல் நீக்கப்படலாயின. இலவசப் பயனர்களில் 97 விழுக்காட்டினருக்கு மேல் இவ்வரம்புக்கு உட்பட்டே இருந்தனர் என்று நிறுவனம் தெரிவித்தது. பொதும உரிமம் கொண்ட படங்கள் நீக்கத்தில் இருந்து விலக்கப்பட்டன. இறந்துபோன உறவினரின் கணக்கில் உள்ள படங்களின் நிலை என்ன என்ற கேள்வி அப்போது பலரிடம் எழுந்தது.

படங்களை வைக்கும் இடமாக மட்டுமே இயங்கிய ஃபோட்டோபக்கெட், 2017இல் பிற தளங்களில் படங்களைக் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டபோது, இணையம் எங்கும் அப்படங்கள் இருந்த இடங்கள் வெறுமையாயின. பிளிக்கரின் பயனர்கள் அந்த அளவு இழப்பிற்கு உள்ளாகவில்லை. எனினும் 2019 டிசம்பரில், தளம் இன்னும் நட்டத்திலேயே இயங்குகிறது என்றும் கட்டண உறுப்பினர்கள் சேராவிடில் தொடர்வது கடினம் என்றும் ஸ்மக்மக் தலைவர் டான் மக்காஸ்கில் உறுப்பினர்களுக்கு எழுதினார். தளத்தில் உள்ள படங்களை நூறு ஆண்டுகளுக்குக் காத்து வைக்கும் நோக்குடன் பிளிக்கர் அறக்கட்டளை 2022இல் அமைக்கப்பட்டது. தொடக்ககால வடிவமைப்பாளரும் 2008ஆம் ஆண்டின் பொதுமங்கள் திட்டத்தை வழிநடத்தியவருமான ஜார்ஜ் ஓட்ஸ் இதன் செயல் இயக்குநரானார்.

தமிழும் பிளிக்கரும்

2007 சூன் மாதத்தில் ஏழு கூடுதல் மொழிகளில் பிளிக்கரின் இடைமுகம் வெளியிடப்பட்டது. அவற்றுள் தமிழ் இல்லை. எனினும் தமிழகக் கோயில்கள், பறவைகள், திருவிழாக்கள், உணவு வகைகள் ஆகியவற்றின் படங்கள் பல பிளிக்கரில் இருந்து விக்கிமீடியா பொதுவகத்திற்கு மாற்றப்பட்டுத் தமிழ்க் கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. இவ்வாறு மாற்ற விரும்புவோர் படத்தின் உரிமத்தை முதலில் பார்த்தல் வேண்டும். படைப்பாளியின் பெயரைக் குறிப்பிடுதல், அதே உரிமத்தில் பகிர்தல் ஆகிய நிபந்தனைகள் மட்டும் கொண்ட படங்களைப் பொதுவகம் ஏற்கும். வணிக நோக்கைத் தடுப்பவற்றையும் மாற்றியமைத்தலைத் தடுப்பவற்றையும் ஏற்பதில்லை. பிளிக்கரில் ஒருவர் தம் உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், மாற்றப்பட்ட நாளில் எவ்வுரிமம் இருந்தது என்பதைத் தானியங்கி ஒன்று சரிபார்த்துப் பதிந்து வைக்கிறது. பிற்பாடு மூலப்படம் நீக்கப்பட்டாலும் முன்பு வழங்கிய உரிமம் செல்லும்.